பிறையும் பேனாவும் – 11: மிம்பருக்குக் கீழே நின்ற தமிழ்

நெல்லிக்குப்பத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். ஒளுச் செய்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்ததும் ஹஜ்ரத் தமிழில் பயான் செய்வார். வரதட்சணைக்காக வட்டிக்குக் கடன் வாங்குவது, பிள்ளைகளின் படிப்பு, அண்டை வீட்டாருக்குச் செய்ய வேண்டிய கடமை என்று ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவார். பிறகு தொழுகை அழைப்பான பாங்கு சொல்வார்கள். அதன் பின் அஸா என்னும் கோலைக் கையில் பிடித்தபடி மிம்பர் என்னும் மேடையின் படிகளில் ஏறி அரபியில் குத்பா என்னும் ஜும்ஆ உரையை ஓதுவார். பயானுக்குத் தலையாட்டியவர்கள் குத்பாவுக்குத் தலைகுனிந்து மௌனமாக இருப்பார்கள். பொருள் விளங்காவிட்டாலும் குரல் எழுப்பக் கூடாது. அதுதான் அதற்குரிய மரியாதை. தமிழ் மிம்பருக்குக் கீழே, அரபி மிம்பருக்கு மேலே.

ஓரிறைக் கொள்கையை வலியுறுத்தும் தவ்ஹீது இயக்கத்தாரின் கடலூர் மாவட்டப் பள்ளிவாசல்களில் இந்த வரிசை இல்லை. அங்கே தனியாகப் பயான் கிடையாது. இமாம் நேராக மிம்பரில் ஏறி, அரபியில் இறைவனைப் புகழ்ந்து தொடங்கி, குத்பாவையே தமிழில் பேசுகிறார். கோலும் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் உள்ளவை இரண்டு மூன்று படிகள்தான். ஆனால் அந்தப் படிகளின் மேல் ஏறக்குறைய நூறு ஆண்டுச் சண்டை நடந்திருக்கிறது. மதத்தை யார் விளக்குவது, எந்த மொழியில் விளக்குவது, அந்த விளக்கத்துக்குப் பின்னால் அரசின் கை இருக்கலாமா என்ற மூன்று கேள்விகளும் அங்கேதான் முட்டிக்கொண்டன. துருக்கியிலும் எகிப்திலும் பாகிஸ்தானிலும் ஆட்சிகளைக் கவிழ்த்த கேள்விகள் இவை. நம் பக்கத்தில் இவை முதலில் குத்பாவின் மொழி பற்றிய வழக்காகவே வந்து சேர்ந்தன. உலக வரலாற்றைப் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோதுதான் இது எனக்குப் பிடிபட்டது. இந்த வாரம் அந்தக் கதை.

*

துருக்கிக் கலீஃபாவின் பதவியைக் காக்க இந்தியாவில் எழுந்த கிலாஃபத் இயக்கத்தின் எழுச்சியைச் சென்ற இதழ்களில் பார்த்தோம். 1920 ஆகஸ்டில் காந்தியடிகளும் ஷவுகத் அலியும் சென்னை, நாகூர், திருச்சி, கோழிக்கோடு என்று ஒரே மேடையில் பேசிக்கொண்டு போனார்கள். 1921 பிப்ரவரியில் சென்னையின் கிலாஃபத் தலைவர் யாகூப் ஹசன் சேட் கோழிக்கோட்டில் கைதானார். அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று காந்தியடிகளோடு சென்னைக்கு வந்துகொண்டிருந்த, ஷவுகத் அலியின் தம்பி முகமது அலியை வால்டேர் ரயில் நிலையத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். துணையை இழந்த காந்தியடிகள் தனியாகத் தெற்கே வந்தார், கடலூரிலும் பேசினார். செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் மேல்சட்டையைக் களைந்து அரைத்துண்டுக்கு மாறியது தமிழர் எல்லோருக்கும் தெரியும். அதற்கு எட்டு நாள் முன்னால் வால்டேரில் நடந்ததைப் பலரும் சேர்த்து நினைப்பதில்லை.

அந்தக் காலத்துக் கடலூரின் நெருக்கத்தைக் காட்ட ஒரு செய்தி போதும். முதுநகரின் அஞ்சலையம்மாளைக் காந்தியடிகள் சந்திக்கக் கூடாது என்று பின்னொரு வருகையின்போது அதிகாரிகள் தடுத்தார்கள் என்றும், அஞ்சலையம்மாளே பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து சந்தித்தார் என்றும் கடலூர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஓர் இந்துப் பெண்ணின் விடுதலைப் போராட்டக் கதைக்குள் முஸ்லிம் பெண்ணின் உடை இவ்வளவு இயல்பாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் யாருக்காக இங்கே சிறைக்குப் போனார்களோ, அந்தக் கலீஃபாவைத் துருக்கியர்களே அனுப்பிவிட்டார்கள். 1922 நவம்பர் 1 அன்று சுல்தான் பதவி ஒழிந்தது. 1924 மார்ச் 3 அன்று அங்காரா நாடாளுமன்றம் கிலாஃபத்தையும் ஒழித்தது. அன்றிரவே கடைசிக் கலீஃபா இரண்டாம் அப்துல் மஜீதைக் குடும்பத்தோடு இஸ்தான்புல்லை விட்டு வெளியேற்றி, நகருக்கு வெளியே இருந்த ஒரு நிலையத்தில் ரயிலேற்றி சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள்.

இதற்கெல்லாம் தலைமை தாங்கிய முஸ்தஃபா கமாலைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும், அவர் மதத்தையும் அரசையும் பிரித்தார் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான். கிலாஃபத்தை ஒழித்த அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. அதன்படி 'தியானத்' என்ற மத விவகாரத் துறை உருவானது. பள்ளிவாசலும் இமாமும் அந்த அரசுத் துறையின் கீழ் வந்தார்கள். ஆக, துருக்கியின் மதச்சார்பின்மை மதத்திலிருந்து விலகி நின்ற அரசு இல்லை. மதத்தைத் தன் சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட அரசு.

அடுத்து நடந்தது இன்னும் கடுமை. 1925இல் ஃபெஸ் தொப்பிக்குத் தடை வந்தது. 1928இல் அரபி எழுத்து போய் லத்தீன் எழுத்து வந்தது. ஒரு தலைமுறைக்குள், பேரனால் தாத்தாவின் கடிதத்தைப் படிக்க முடியாமல் போனது. 1932இல் பாங்கின் மொழியிலேயே அரசு கை வைத்தது. 'அல்லாஹு அக்பர்' என்ற இடத்தில் 'தான்ரி உலுதுர்' என்று துருக்கி மொழியில் அழைக்க வேண்டும் என்றார்கள். அரபியில் அழைத்தால் சிறை என்று 1941இல் சட்டமே வந்தது.

தாய்மொழியில் வழிபாடு என்ற கோரிக்கை தவறானதா? இல்லை. தமிழில் அர்ச்சனை கேட்டுப் போராடிய மண்ணில் வளர்ந்தவன் நான்; அந்தக் கோரிக்கையின் நியாயம் எனக்குத் தெரியும். ஆனால் அதைப் போலீஸ்காரர் கையில் கொடுத்து அனுப்பியபோது மக்கள் அதைத் தங்கள் மொழியாக ஏற்கவில்லை. 1950இல் தேர்தலில் வென்ற அத்னான் மெந்தரஸ் ஆட்சி முதலில் செய்த காரியங்களில் ஒன்று அந்தத் தடையை நீக்கியது. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் நாடெங்கும் அரபிப் பாங்கு திரும்பியது. பதினெட்டு ஆண்டுக் கட்டாயம் சுவடில்லாமல் மறைந்தது. 1960இல் ராணுவம் மெந்தரஸைக் கவிழ்த்து, அடுத்த ஆண்டு செப்டம்பரில் தூக்கிலிட்டது. மதச்சார்பின்மையைக் காப்பதாகச் சொல்லி ஒரு பிரதமரைத் தூக்கிலிட்ட நாட்டில், பிறகு மதத்தின் பெயரால் வாக்குக் கேட்டவர்கள் செழித்ததில் வியப்பில்லை.

*

இப்போது காவிரிக் கரைக்கு வருவோம்.

கும்பகோணத்தை அடுத்த கீழ்மாந்தூரில் 1885இல் பிறந்தவர் பா. தாவூத் ஷா. கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி; மேடையில் அதை விரித்துச் சொல்வதில் வல்லவர் என்பதால் 'ராமாயண சாயபு' என்றே பெயர் விழுந்தது. மாஜிஸ்திரேட் வேலையில் இருந்தவர், ஒத்துழையாமைக் காலத்தில் அதை உதறினார். லண்டனை அடுத்த வோக்கிங் பள்ளிவாசலில் பணியாற்றிய க்வாஜா கமாலுத்தீனின் அழைப்பில் இங்கிலாந்து போய்வந்தார். திரும்பி வந்து 1923இல் 'தாருல் இஸ்லாம்' இதழைத் தொடங்கினார். கிலாஃபத் சரிந்த ஆண்டில் அந்த இதழ் கைக்குழந்தை.

அந்த இதழின் தமிழைப் பற்றிப் பழைய வாசகர்கள் சொல்லிக் கேட்க வேண்டும். அச்சுப் பிழை கண்டுபிடித்து எழுதுபவருக்குப் பரிசு தருவதாக அறிவித்த ஆசிரியர் என்று அவரை நினைவுகூர்வார்கள். அரபியும் உருதுவும் கலந்த நடையில்தான் மார்க்கம் பேச முடியும் என்றிருந்த காலத்தில், தொழுகை, நோன்பு, ஜக்காத் பற்றியெல்லாம் தெளிந்த தமிழில் எழுதிக் காட்டினார். கந்தூரி, தாயத்து, பேயோட்டல் ஆகியவற்றைச் சாடினார். பெண்களுக்குப் படிப்பு வேண்டும் என்றார். குர்ஆனைத் தமிழில் தர வேண்டும் என்று வாதாடினார். தானே விரிவுரையோடு பெயர்க்கத் தொடங்கி முதுமை வரை அந்த வேலையைச் சுமந்தார். குத்பாவைத் தமிழில் ஓத வேண்டும் என்றார்.

இந்தக் கடைசிக் கோரிக்கைதான் பெரிய புயலைக் கிளப்பியது. மார்க்க அறிஞர்களான உலமாக்கள் எதிர்த்ததற்குக் காரணம் வெறும் பிடிவாதம் என்று நான் எழுதமாட்டேன். பரங்கிப்பேட்டை போன்ற கரையோர ஊர்களில் நிலைபெற்ற ஷாஃபி மத்ஹப் என்னும் சட்டமரபின் நூல்கள் குத்பாவுக்கு அரபியை ஒரு நிபந்தனையாகவே வைக்கின்றன. உள்நாட்டு ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி வழியில் இமாம் அபூஹனீஃபாவின் கருத்தில் பிறமொழிக்கு இடம் உண்டு. ஆனாலும் நடைமுறை அரபியாகவே இருந்தது. உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே சொற்கள் காதில் விழ வேண்டும் என்ற ஏக்கமும் அதில் உண்டு. காட்டுமன்னார்கோயில் பக்கத்து லால்பேட்டையில் 1862இல் தொடங்கிய மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரியிலும், வேலூர் பாக்கியாத்திலும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அரபி இலக்கணமும் ஃபிக்ஹ் என்னும் மார்க்கச் சட்டமும் ஓதி வந்தவருக்கு, ஒரு மாஜிஸ்திரேட் பத்திரிகை நடத்தி மார்க்கம் சொல்வது எப்படிப் பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எதிர்ப்பவர்கள் கையில் ஒரு வலுவான ஆயுதமும் இருந்தது. வோக்கிங் கமாலுத்தீன், பெரும்பாலான முஸ்லிம்கள் ஏற்காத அஹ்மதியா இயக்கத்தின் லாகூர்ப் பிரிவைச் சேர்ந்தவர். ஆகவே தாவூத் ஷாவும், அஹ்மதியாக்களை வசவாகச் சொல்லும் சொல்லில், காதியானிதான் என்று முத்திரை குத்தினார்கள். அவர் முஸ்லிமே அல்லர் என்று குஃப்ர் ஃபத்வா வந்தது. ஊர் ஊராகக் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. அவர் தன் இதழிலேயே பதில் எழுதினார். அவர்கள் மறுபதில் எழுதினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் 'தாருல் இஸ்லாம்' வந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான் சற்று நிற்கிறேன். இதே 'காதியானி' என்ற சொல் எல்லைக்கு அப்பால் என்ன செய்தது? 1953இல் அஹ்மதியாக்களுக்கு எதிரான கலவரத்தில் லாகூரில் ரத்தம் சிந்தியது. ராணுவச் சட்டம் போட வேண்டியதாயிற்று. அதை விசாரித்த நீதிபதி முனீர் குழு, 'முஸ்லிம் என்பவர் யார்' என்று ஆலிம்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டது. எந்த இருவரின் இலக்கணமும் ஒத்துப்போகவில்லை என்று 1954இல் வெளிவந்த அறிக்கை பதிவு செய்தது. ஆலிம்களால் முடியாததை அரசு செய்தது. 1974 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தான் நாடாளுமன்றம் வாக்கெடுத்து, அஹ்மதியாக்கள் முஸ்லிம்கள் அல்லர் என்று அரசியல் சட்டத்தில் எழுதியது. அப்போது பிரதமர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஸுல்ஃபிகார் அலி புட்டோ. பத்தாண்டு கழித்து ஜியாவுல் ஹக்கின் அவசரச் சட்டம் அவர்கள் தங்கள் வழிபாட்டிடத்தைப் பள்ளிவாசல் என்று சொல்வதையும் பாங்கு சொல்வதையும் குற்றமாக்கியது.

தமிழ்நாட்டில் அந்தச் சொல் ஒருவர் மீது வீசப்பட்டது. அவர் எழுதிப் பதில் சொன்னார். 1969இல் இயற்கையாக இறந்தார். பாகிஸ்தானில் அதே சொல்லுக்குச் சட்டத்தின் பற்கள் முளைத்தன. வசவு அங்கும் இங்கும் ஒன்றுதான். இங்கே ஃபத்வாவை நிறைவேற்றப் போலீஸ் வரவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குர்ஆனின் முழுமையான தமிழ் மொழிபெயர்ப்பை முதலில் முடித்தவர் அந்த உலமாக்களுக்குள்ளிருந்தே வந்தார். உத்தமபாளையம் ஆ.கா. அப்துல் ஹமீது பாக்கவி, பாக்கியாத்தில் பட்டம் பெற்ற ஆலிம். மரபின் வீட்டுக்குள்ளிருந்தே கதவு திறந்தது. குத்பா அரபியில் இருக்கட்டும், அதற்கு முன்னால் தமிழில் பயான் செய்யலாம் என்ற ஏற்பாடும் ஒரு சமரசம்தான். நெல்லிக்குப்பத்தில் இன்று நாம் கேட்கும் அந்த அரைமணி நேரத் தமிழில், தோற்றுப்போனதாகச் சொல்லப்பட்ட தாவூத் ஷாவின் பங்கும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

*

1947 ஏப்ரலில் சென்னைக்கு ஒரு விருந்தாளி வந்தார். ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கிய மௌலானா மௌதூதி. பிரிவினைக்கு நான்கு மாதம் இருந்தது. இறையாட்சி என்ற கருத்தை நவீன அரசியல் மொழியில் வார்த்துக் கொடுத்தவர் அவர். எகிப்தின் சையித் குத்ப் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அதிகம். சென்னைக் கூட்டத்தில், இந்தியாவில் தங்கப்போகும் முஸ்லிம்களுக்கு அவர் சொன்ன யோசனைகளில் ஒன்று, இந்திய மொழிகளைக் கற்று அவற்றில் இஸ்லாமிய நூல்களைக் கொண்டுவர வேண்டும் என்பது. உருதுவின் பேரெழுத்தாளரான அவர் இதைச் சொன்னது கவனிக்கத் தக்கது. பின்னாளில் ஜமாஅத்தின் தமிழ்ப் பதிப்பகமும் 'சமரசம்' இதழும் அந்த வழியில் வந்தவைதான். நவீனவாதி தாவூத் ஷாவும் இறையாட்சிவாதி மௌதூதியும் ஒரே கதவைத்தான் தட்டியிருக்கிறார்கள்.

அதே ஆண்டின் இறுதியில் வேறொரு கேள்வி வந்தது. பழைய முஸ்லிம் லீகைக் கலைத்துவிடுங்கள், இனி மதத்தின் பெயரால் கட்சி எதற்கு என்று பல பக்கமிருந்தும் குரல் எழுந்தது. 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடியவர்கள் கலைப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. தலைமை ஏற்றவர் திருநெல்வேலி பேட்டையைச் சேர்ந்த மு. முகமது இஸ்மாயில், நம் மக்கள் 'காயிதே மில்லத்' என்று அழைத்தவர்.

அவரைப் பற்றி இரண்டு விதமாகவும் எழுதலாம். அரசியல் நிர்ணய சபையில் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி கேட்டவர் அவர். சபை அதை மறுத்தது. 1948 நவம்பர் 23 அன்று பொது சிவில் சட்டப் பிரிவுக்குத் திருத்தம் கொண்டுவந்து, எந்தச் சமூகமும் தன் தனிச்சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வாதாடியவரும் அவரே. அம்பேத்கர் மறுத்துப் பேசினார், திருத்தம் தோற்றது. பெண்களின் மணவிலக்கு, சொத்துரிமை என்று வரும்போது அவர் நிலைப்பாட்டோடு எனக்கு உடன்பாடு இல்லை. மணவிலக்கான முஸ்லிம் பெண்ணின் ஜீவனாம்சம் பற்றி 1985இல் ஷா பானு வழக்கில் வந்த தீர்ப்பும், அதைச் செல்லாததாக்க அடுத்த ஆண்டு வந்த சட்டமும் அந்த வாதத்தின் நீட்சிதான். அதன் சுமையை முஸ்லிம் பெண்கள் சுமந்தார்கள். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே தனி ஜமாஅத் தொடங்கியது, ஆண்களின் ஜமாஅத் பஞ்சாயத்தில் பெண்களுக்கு உட்கார இடம்கூட இல்லாததால்தான்.

ஆனால் அதே இஸ்மாயில், 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தில் எழுந்து, இந்த மண்ணின் பழைய மொழிதான் ஆட்சிமொழி என்றால் அது தமிழாக இருக்கட்டும் என்றார். அதற்குப் பத்தாண்டு முன்பே, ராஜாஜி பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியபோது, திருச்சியின் கலீஃபுல்லா சட்டசபையில், தான் ராவுத்தர் என்றும் தன் தாய்மொழி உருது இல்லை தமிழ் என்றும் பெருமையோடு சொல்லியிருந்தார். மதத்தின் பெயரில் கட்சி, மொழியின் பெயரில் பெருமிதம், அரசியல் சட்டத்தின் மீது ஆணை. தோற்ற திருத்தங்களுக்குப் பிறகும் இஸ்மாயில் அந்தச் சட்டத்துக்கு உள்ளேயே நின்றார். தேர்தலில் நின்றார், மலப்புறத்து மஞ்சேரி மக்கள் மூன்று முறை அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1967இல் திமுகவோடு கூட்டணி வைத்தார். எகிப்தில் கட்சி நடத்தவும் தேர்தலில் நிற்கவும் வழியில்லாத இஃக்வான் (முஸ்லிம் சகோதரத்துவ) இயக்கத்தவர் சிறைகளில் வதைபட்டார்கள். அந்தச் சிறையில் எழுதிய சையித் குத்பை 1966 ஆகஸ்டில் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டு சென்னையில் லீக் ஆளும் கூட்டணியில் இருந்தது. வாக்குச்சீட்டு இருந்த இடத்தில் மத அரசியல் பேரம் பேசக் கற்றுக்கொண்டது. அது இல்லாத இடத்தில் ரகசிய அமைப்பானது.

*

1980களில் தமிழ்நாட்டில் தவ்ஹீது என்ற ஒரு புதிய குரல் கேட்டது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் பணத்தோடு ஒலிநாடாக்களையும் கொண்டுவந்தார்கள். இங்கேயே அரபி ஓதியவர்களும் தமிழில் இதழ் நடத்தினார்கள், தொண்டி பி. ஜைனுல் ஆபிதீனின் 'அல் ஜன்னத்' அவற்றில் பெயர்பெற்றது. தர்காவில் கையேந்துவது ஷிர்க் (இணைவைப்பு), மௌலிது ஓதுவது பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை), மத்ஹப் எதுவும் வேண்டாம், குர்ஆனையும் ஹதீஸையும் நீங்களே தமிழில் படியுங்கள் என்றார்கள். வாங்கிய வரதட்சணையைப் பெண் வீட்டாரிடம் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். மேடை போட்டு விவாதத்துக்கு அழைத்தார்கள். குத்பாவைத் தமிழில் பேசினார்கள்.

தாவூத் ஷா கேட்டதெல்லாம் நடந்துவிட்டது. ஆனால் அவர் எண்ணிப் பார்த்திராத முகத்தோடு நடந்தது. கம்பனை நெஞ்சில் வைத்துக்கொண்டு குர்ஆனைப் பெயர்த்தவர் அவர். புதியவர்களுக்குக் கம்பன் வேண்டாம். சூஃபிக் கவிஞர்களான பீர் முகமது அப்பாவும் குணங்குடியாரும்கூட வேண்டாம். நாகூரில் சந்தனக்கூடு பார்க்கப் போன இந்துத் தாயும் முஸ்லிம் தாயும் ஒரே வரிசையில் நின்ற இடத்தை அவர்கள் வழிகேடு என்றார்கள். வேதத்தை அவரவர் மொழியில் திறந்துவிட்டால் சீர்திருத்தம் மட்டுமே வரும் என்று நம்பிய நம் முன்னோர் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. இடையில் இருந்த உரைமரபை அகற்றிவிட்டு மூலத்தை நேராகப் படிக்கும்போது தாராளமும் பிறக்கும், கடும்போக்கும் பிறக்கும். எது மேலோங்கும் என்பதை அந்தக் காலத்து அரசியல் தீர்மானிக்கிறது.

அந்தக் காலத்து அரசியல் நல்லதாக இல்லை. 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அரசியல் சட்டம் காக்கும் என்று சொல்லி வந்த லீக் தலைவர்களின் சொல் இளைஞர்களிடம் எடுபடாமல் போனது. 1993இல் அல் உம்மா என்ற அமைப்பு தோன்றியது. 1995இல் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் வந்தது. முன்னது குண்டின் பக்கம் போயிற்று. பின்னது தெருப்போராட்டம், ஆம்புலன்ஸ், ரத்ததானம் என்று நடந்து 2009இல் தனக்கென ஒரு தேர்தல் கட்சியைத் தொடங்கியது. 1997 நவம்பரில் கோவையில் ஒரு காவலர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று நகரெங்கும் வெடித்த குண்டுகளில் 58 பேர் மாண்டார்கள். கடை வாசலிலும் மருத்துவமனை வாசலிலும் நின்றவர்கள் அவர்கள். எந்த அநீதிக்கும் அது பதில் ஆகாது. அதன் பின் கோவையின் முஸ்லிம் வியாபாரி வாடகைக்குக் கடை தேடி அலைந்த ஆண்டுகளை வெடிகுண்டு வைத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

தவ்ஹீது அமைப்புகளை இந்தக் குண்டுகளோடு ஒன்றாகக் கட்டிப் பேசுவது தவறு. அவர்களில் பெரும்பாலோர் வன்முறையை மேடை போட்டே கண்டித்தவர்கள். என்றாலும் ஒரு சமூகம் தன் உள்ளிருந்து வரும் மாற்றுக் குரலை எப்படி நடத்துகிறது என்ற கேள்வியிலிருந்து மரபுவழிச் சுன்னத் ஜமாஅத்தும் தப்ப முடியாது, தவ்ஹீதும் தப்ப முடியாது. 2007இல் தக்கலையில் கவிஞர் ஹெச்.ஜி. ரசூலை ஒரு கட்டுரைக்காக ஊர்விலக்கம் செய்தார்கள். 2017 மார்ச்சில் கோவையில் கடவுள் மறுப்பு எழுதியதற்காக திராவிடர் விடுதலைக் கழகத்து இளைஞர் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். தாவூத் ஷா காலத்தில் பதில் கட்டுரை வந்தது. இவருக்கு அரிவாள் வந்தது.

நம் மொழியின் இன்னொரு கரையில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். கிழக்கிலங்கையின் காத்தான்குடி, 1990 ஆகஸ்ட் 3 அன்று இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்ற ஊர். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அந்த இரவில் போனார்கள். அந்த ஊரில் வளர்ந்த ஸஹ்ரான் ஹாஷிம் சரளமான தமிழில் பயான் செய்தான். முதலில் சூஃபி வழியினரை வசைபாடினான். 2017 மார்ச்சில் அவர்களோடு நடுத்தெருவில் மோதல் நடந்தது. அவனைப் பற்றி அரசிடம் முதலில் புகார் கொடுத்தவர்கள் முஸ்லிம்கள்தான். அந்தப் புகார்களை யாரும் உரியபடி கவனிக்கவில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலையில் அவனும் கூட்டாளிகளும் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். கொன்றவர்களின் உடல்களை எங்கள் மையவாடிகளில் ஏற்கமாட்டோம் என்று இலங்கை உலமா சபை அறிவித்தது.

மிம்பருக்குத் தமிழ் வேண்டும் என்று கேட்ட தாவூத் ஷா, அந்தத் தமிழில் என்ன பேச வேண்டும் என்பதையும் எழுதிக் காட்டியிருந்தார். நாம் மொழியை எடுத்துக்கொண்டோம். அவர் எழுதியதைப் பரணில் போட்டுவிட்டோம். 'தாருல் இஸ்லாம்' இதழ்த் தொகுப்பு முழுமையாக ஒரே இடத்தில் கிடைப்பது இன்று அரிது. நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, சிதம்பரம் பக்கத்துப் பழைய வீடுகளில் தாத்தா கட்டிவைத்த இதழ்கள் இருக்கலாம். அரபி எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ் கிதாபுகளும் இருக்கலாம். பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கொடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படமாவது எடுத்து வையுங்கள்.

(அடுத்த இதழில்: 1979, டெஹ்ரான்)